சம்பந்தம் பேசுனா மலையேறுது

தம்பி, கோவிச்சுக்காம உங்க பையைக் கொஞ்சம் அங்கிட்டு நகத்துறீங்களா? இதைக் கீழ வைக்க முடியாது. இந்த வண்டி குலுங்குற குலுக்குல உள்ள இருக்கிறதெல்லாம் கழண்டு போகும். மடியில வச்சாத்தான் அலுங்காம வரும். ஆமா, பெட்ஷீட்டுதான் சுத்தியிருக்கேன். பாக்குறவன்லாம் பச்சப்புள்ளையைத் தூக்கிட்டுப் போறேன்னு நினைக்கிறான். கண்டக்டர்கூட, அரை டிக்கெட்டா மாமான்னு கேட்டுட்டுப் போறான். எகத்தாளம்.

கம்ப்யூட்டர் தம்பி. டிவி மாதிரி இருக்குமே அது இல்ல, பக்கத்துல நிக்குமே இந்தப் பெட்டி, இது மட்டும். ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன். ஒரு வாரம் வச்சிருந்துட்டு, இதுல ஒரு கோளாறும் இல்லைன்னு இன்னைக்குத் திருப்பிக் கொடுத்துட்டான். கோளாறு இருந்தாக்கூட மனசு ஆறும். இல்லைங்கிறானே, அதான் வயித்தெரிச்சல்.

நீங்க எது வரைக்கும்? உசிலம்பட்டியா? அட, நம்ம ஊரு. ஆனா நான் இன்னைக்குச் செக்கானூரணியிலயே இறங்கிருவேன். அங்க என் தங்கச்சி வீடு. சாயங்காலம் ஒரு நல்ல காரியம். சின்ன மகளுக்குச் சம்பந்தம் பேசுறோம். பையன் கனடாவுல. அவங்க அம்மா அப்பா திருச்சியில. எல்லாரும் இந்தப் பெட்டி வழியாத்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கணும். இதுவரைக்கும் மூணு தடவை உக்காந்தாச்சு. மூணு தடவையும் பேச்சு கூடி வர்ற நேரம் பாத்து இந்த மூதேவி மலையேறிருச்சு.

சிரிக்காதீங்க. எங்க வீட்ல அப்படித்தான் சொல்லுவோம். விளக்கை அணைன்னு சொல்லக் கூடாது, மலையேத்துன்னுதான் சொல்லணும். அது என் வீட்டுக்காரி சொர்ணம் போட்ட சட்டம். பொட்டப்புள்ளைங்க ரெண்டும் சின்னதுல இருந்தே அதைச் சொல்லித்தான் வளந்துச்சுங்க. விளக்குக்கு மட்டும்னா பரவாயில்ல. டியூப் லைட்டை அணைன்னு சொன்னாக்கூட அவளுக்குப் பொறுக்காது, அமத்துன்னு சொல்லுங்கம்பா. கேஸ் அடுப்பையும் அமத்தத்தான் செய்யணும். நான் மில்லுல இருக்கையில, மோட்டாரை அணைச்சுட்டு வந்தேன்னு ஒருநாள் வாய் தவறிச் சொல்லிட்டேன். அன்னைக்குப் பூரா எனக்குத் திட்டு. அப்பேர்ப்பட்ட பொம்பள என்ன காரியம் பண்ணுனா தெரியுமா? இருங்க, வர்றேன்.

நான் நூல் மில்லுல மெயின்டனன்ஸ் பாத்தவன். தலை நரைச்சது அந்த மில்லுக்குள்ளதான். மோட்டாரோட சத்தத்தைக் கேட்டே உள்ள என்ன போச்சுன்னு சொல்லிருவேன். மனுசன் பொய் சொல்லுவான், மிஷின் பொய் சொல்லாது. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்! இப்ப என் வீட்டுக்குள்ளயே ஒரு மிஷின் இருந்துக்கிட்டு என்னை இப்படி ஏய்க்குது.

எனக்கு ரெண்டும் பொண்ணுங்க தம்பி. மூத்தவ ஹேமலதா, கட்டிக்கொடுத்து கனடாவுல இருக்கா. சின்னவ சுபாஷிணி, வீட்ல இருந்து பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறா. இப்ப வந்திருக்கிற சம்பந்தம் வேற யாரும் இல்ல, ஹேமா வீட்டுக்காரரோட பெரியப்பா மகன்தான். அங்கயும் இவங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காராம். எப்படி அமைஞ்சிருக்கு பாருங்க. அக்காளும் தங்கச்சியும் ஒரே ஊர்ல, ஒரே குடும்பத்துல. அவங்களா வந்து கேட்டாங்க. பையனோட அம்மா, இப்பவே சம்பந்தியம்மான்னுதான் கூப்பிடுறேன், என்கிட்டயே சொன்னாங்க, உங்க ஹேமா மாதிரி வாயைத் திறக்காத பொண்ணு இந்தக் காலத்துல எங்கண்ணே கிடைக்கும், அதே வளப்புல இன்னொண்ணு இருக்கும்போது நாங்க ஏன் வெளிய போகணும்னு. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. வளத்தவனுக்கு அதைவிட வேற என்ன வேணும்?

சொர்ணத்துக்கு மட்டும் முகமே மலரல. வேணாம்னா. ஏன்டின்னு கேட்டா, ஒரே வீட்ல ரெண்டு பொண்ணைக் கொடுக்க வேணாம்ங்கிறா. காரணம் சொல்லுடின்னா வாயை மூடிக்கிறா. உனக்கு என்ன தெரியும், நீ சும்மா இருன்னு சொல்லிட்டேன். பேருதான் சொர்ணம், மூளை பித்தளைன்னு நான் அடிக்கடி கேலி பண்ணுவேன். முன்னாடியெல்லாம் அதுக்குச் சிரிப்பா. இப்பக் கொஞ்ச நாளா சிரிக்கிறதில்ல.

மொத தடவை தை மாசம். காலண்டரைப் பாத்து நல்ல நேரம் குறிச்சாச்சு. கூடத்துல பூ வாங்கித் தொங்கவிட்டு, மேசையில இந்தப் பெட்டி, முன்னால நாற்காலி. நான் வேட்டி சட்டையோட உக்காந்திருக்கேன். சொர்ணம் மட்டும் நாற்காலி வேணாம், முட்டி வலிக்குதுன்னு சொல்லி, மேசைக்கு அந்தப் பக்கம் ப்ளக் பாயின்ட் இருக்கிற சுவத்துல சாய்ஞ்சு கீழ உக்காந்துக்கிட்டா. கேமராவுல விழ மாட்டா. கூச்ச சுபாவம் தம்பி அவளுக்கு. திரையில ஒரு பக்கம் திருச்சிக்காரங்க, இன்னொரு பக்கம் பையன். கண்ணுக்குக் குளிர்ச்சியா இருந்துச்சு. சம்பந்தியம்மா, சரிங்க, பொண்ணை வரச் சொல்லுங்கன்னாங்க. சுபா பட்டுப்புடவையில வாசப்படி தாண்டுறா, டப்புன்னு எல்லாம் இருட்டு!

கரண்டு போகல. ஃபேன் ஓடுது, டியூப் லைட் எரியுது. இந்தப் பெட்டி மட்டும் செத்துக் கிடக்கு. நான் குனிஞ்சு பின்னாடி இருக்கிற ஒயரையெல்லாம் அமுக்கிப் பாக்குறேன். சொர்ணம் தானும் கை கொடுக்கிறேன்னு சுவத்துப் பக்கம் தடவுறா. கொஞ்ச நேரத்துல தன்னால உயிர் வந்துருச்சு. அதுக்குள்ள சம்பந்தியம்மா ஃபோன் போட்டுட்டாங்க. என் ஃபோனைச் சொர்ணம்தான் எடுத்தா. எடுத்து என்ன சொன்னா தெரியுமா? அய்யோ மதினி, பொண்ணு படி தாண்டுற நேரம் அணைஞ்சு போச்சேன்னா!

அணைஞ்சு போச்சு! ஆயுசுக்கும் அந்த வார்த்தையைச் சொல்லாத பொம்பள. நல்ல காரியம் பேசையில, அதுவும் பையனைப் பெத்தவகிட்ட. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சது. அந்தம்மாவும் சகுனம் பாக்குறவங்க. நான் ஃபோனைப் புடுங்கிக் காதுல வச்சேன். அப்புறம், இன்னைக்கு வேணாம்ணே, நின்னதை அதே நாள்ல தொடரக் கூடாதுன்னு வச்சுட்டாங்க. வச்சதும் நான் இவளை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். பதட்டத்துல வாய் தவறிருச்சுங்கன்னா. வயசாகுது தம்பி, வாய் குழறுது. வேற என்ன?

சரி, மிஷினைப் பாப்போம்னு திறந்தேன். மூடியைக் கழட்டினா உள்ள ஒரே ஒட்டடை. ப்ளோயர் வச்சு ஊதினேன். ராம்னு ஒரு குச்சி இருக்கும், அதைப் புடுங்கி ரப்பர் வச்சு அழிச்சு மாட்டுனா பாதிக் கோளாறு போயிரும்னு சொன்னாங்க, அதையும் பண்ணேன். பவர் சப்ளை பெட்டியையே புதுசா மாத்தினேன். நாள் பூரா ஓடவிட்டு முன்னாலயே உக்காந்திருந்தேன். சமர்த்தா ஓடுச்சு. சொர்ணம் அடுப்படியில இருந்து ஒருதரம்கூட எட்டிப் பாக்கல. அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும், பாவம்.

ரெண்டாவது தடவை உக்காந்தோம். சொர்ணம் அதே சுவத்தோரம். ஆரம்பத்துல நல்லாத்தான் போச்சு. சுபா வந்து உக்காந்து வணக்கம் சொன்னா. சம்பந்தியம்மா அவளை எந்திரிச்சு ஒரு தடவை நடந்து காட்டச் சொன்னாங்க. ஃபோன்ல பாத்தா முகம் கட்டைவிரல் அளவுதான் தெரியும், நடையெல்லாம் பாக்க முடியாது, அதனாலதான் பெரிய திரை வேணும்னு அவங்க முன்னாடியே சொல்லியிருந்தாங்க. சுபா என் முகத்தைப் பாக்குறா. நடம்மா, இதுல என்ன இருக்குன்னேன். எந்திரிச்சா. அவ்வளவுதான், டப்பு.

இந்தத் தடவை ஃபோனை நானே எடுத்துட்டேன். சொர்ணத்தைக் கிட்டயே விடல. மலையேறிருச்சும்மா, ஒண்ணும் நினைச்சுக்காதீங்கன்னு தேனா பேசினேன். பக்கத்துல நின்ன சொர்ணம் ஃபோனுக்குக் கேக்கிற மாதிரி, ரெண்டாவது தரமும் அணைஞ்சு போச்சே, என்ன தெய்வக் குத்தமோன்னு ஒரு கத்து கத்துனா பாருங்க! அறைஞ்சிருப்பேன் தம்பி. கையை ஓங்கிட்டேன். இல்ல, அடிக்கல. நான் அடிக்கிறவன் இல்ல. எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாது.

அதுக்கப்புறம் நான் தூங்குனேன்னு நினைக்கிறீங்களா? யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சு போச்சு. வீடியோ ஓடுனா லோடு ஏறும், சூடாகும், அதனால நிக்குதோன்னு ஒரு சந்தேகம். என் தங்கச்சி ரத்தினத்தைக் கூப்பிட்டு அவ மகன் ஃபோன் வழியா வீடியோ போட்டு மணிக்கணக்காப் பேசினேன். தங்கச்சிக்கே சலிச்சுப் போச்சு, வைண்ணே அடுப்புல குழம்பு இருக்குன்னா. பெட்டி நிக்கல. கடல் தாண்டி வர்ற வீடியோவுக்குத்தான் லோடு ஜாஸ்தியோன்னு பாத்தேன். கனடாவுல எனக்கு யாரு இருக்கா, ஹேமாதானே. அவளைக் கூப்பிட்டேன். அவ கேமரா ரிப்பேரு. பேச்சு மட்டும்தான் வந்துச்சு. அதனால அந்தச் சோதனையைச் செய்ய முடியாமப் போச்சு.

எங்க குடும்பத்துக்கும் மிஷினுக்கும் ராசி இல்ல தம்பி. ஹேமாவுக்குப் போன வருசமே கேமரா போயிருச்சு. அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை ஆனா முகத்தைக் காட்டிப் பேசிருவா. கடைசியா வீடியோவுல வந்தப்ப துப்பட்டாவைக் கன்னத்தோட சேத்துச் சுத்தியிருந்தா. குளிருதுப்பா இங்கன்னா. அந்த ஊர்க் குளிரு உங்களுக்குத் தெரியுமே, எலும்பைக் குத்தும்ங்கிறாங்க. அப்புறம் கேமரா ரிப்பேருன்னுட்டா. நானும் சரி பண்ணச் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். பாக்குறேன்ப்பாங்கிறா, பாத்த பாடில்ல. புள்ளைங்க அங்க போயிட்டா சோம்பேறி ஆயிருதுங்க.

அந்தச் சமயத்துலதான் சொர்ணம் ஒருநாள் மதியானம் மொட்டை மாடியில நின்னு அவகிட்ட ரொம்ப நேரம் பேசிட்டு இறங்கி வந்தா. வந்தவ, ஹேமா நல்லா இல்லைங்க, போயி ஒருக்கா கூட்டிட்டு வந்துருவோம்னா. முகத்தைப் பாக்காம நல்லா இல்லைன்னு எப்படிடி சொல்ற, காய்ச்சலா தலைவலியான்னு கேட்டேன். எல்லாம்தான்ங்கிறா. இவகிட்ட என்ன பேச்சுன்னு நான் நேரா மாப்பிள்ளைக்கே ஃபோனைப் போட்டேன். ஹேமாவுக்கு உடம்பு சரியில்லையாமே, அவ அம்மாகிட்ட ஏதோ சொல்லி அழுதிருக்கான்னு கேட்டேன். மாப்பிள்ளை தங்கமான மனுசன். அப்படியா சொன்னா மாமா, நான் என்னான்னு கேக்குறேன், நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்கன்னார். அவ்வளவு பதவிசாப் பேசினார். அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு ஹேமாகிட்ட இருந்து ஃபோனே இல்ல. எல்லாம் சரியாயிருச்சு போலன்னு விட்டுட்டேன். சொர்ணமும் அதோட அந்தப் பேச்சை எடுக்கிறதில்ல. என்கிட்ட எதையுமே சொல்றதில்ல. எனக்கும் நிம்மதி.

என்ன தம்பி? ஒண்ணும் இல்லையா? சரி சரி.

எங்க விட்டேன்? ஆங், மூணாவது தடவை. பங்குனி கழிஞ்சு சித்திரையில. இந்தத் தடவை யூபிஎஸ் ஒண்ணு வாங்கலாம்னு நான் சொன்னேன். கரண்டு நின்னாலும் பெட்டி நிக்காது. சொர்ணம் அதெல்லாம் வேணாம், அந்த பேட்டரி வெடிச்சு எங்கயோ ஒரு வீடே எரிஞ்சு போச்சாம், கல்யாணத்துக்கு இருக்கிற புள்ளை உள்ள வீடுன்னு அழிச்சாட்டியம் பண்ணா. சரி, சனியன், அவ பயத்தை எதுக்குக் கிளப்பணும்னு விட்டுட்டேன். திருஷ்டியா இருக்கும்னு இதுமேல எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டேன். ஒரு கறுப்புக் கயிறும் கட்டினேன். இந்தா பாருங்க, பெட்ஷீட்டை விலக்குறேன், கயிறு தெரியுதா? கடையில அதைப் பாத்துட்டு ஒரு சிரிப்பு.

மூணாவது தடவை எல்லாம் கனிஞ்சு வந்துருச்சு. பையன் ரெண்டு வார்த்தை பேசினார். சுபா ம்ம்-னு சொன்னா. சம்பந்தியம்மா, அப்ப வைகாசியில நாள் குறிச்சுரலாமாண்ணேன்னாங்க. நான் தாராளமான்னு வாயைத் திறக்கிறேன். தா-ன்னு சொல்லியிருப்பேன். நின்னு போச்சு தம்பி! நான் அப்படியே நாற்காலியில சாஞ்சுட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. திரும்பிப் பாக்குறேன், சொர்ணம் சுவத்துல சாய்ஞ்சு கண்ணை மூடி உக்காந்திருக்கா. கை மட்டும் ப்ளக் பாயின்ட் பக்கம் சுவத்தைப் பிடிச்சிருக்கு. அவளுக்கும் பெத்த வயிறுதானே, வேதனை இருக்காதா.

சம்பந்தியம்மாவுக்குக் கோவம். மூணு தடவை தடை வந்துட்டா யோசிக்கணும்ணேன்னாங்க. நான் கெஞ்சினேன். பெட்டியை மதுரைக்குக் கொண்டு போயி பெரிய கடையில கொடுத்துப் பாத்துட்டு வர்றேன், இன்னும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவைன்னு. இன்னைக்குச் சாயங்காலம்னு ஒத்துக்கிட்டாங்க. இன்னைக்கும் நின்னா வேற இடம் பாக்கப் போறாங்க. இது போனா இப்படி ஒரு இடம் சுபாவுக்கு வருமா, சொல்லுங்க.

கடைக்காரர் என்ன சொல்றாருன்னா, ஒரு வாரம் ராப்பகலா ஓடவிட்டேன், ஒரு தடவைகூட நிக்கல, உங்க வீட்ல ப்ளக் பாயின்ட்டைப் பாருங்கங்கிறார். ப்ளக் பாயின்ட்டை நான் பாக்காம இருப்பேனா? கழட்டி மாட்டி, புது சாக்கெட்டே போட்டாச்சு. காய்ச்சலா கிடக்கிற புள்ளை டாக்டரைப் பாத்ததும் துள்ளிக் குதிக்குமே, அந்தக் கதை.

அதான் இந்தத் தடவை ஒரு முடிவெடுத்தேன். வீட்ல உக்காந்தாத்தானே பிரச்சினை? தங்கச்சி வீட்ல உக்காருவோம். சுபாவைக் காலையிலயே அனுப்பிட்டேன். போக மாட்டேன்னு முரண்டு பிடிச்சா, அதட்டி அனுப்பினேன். திரையையும் ஆட்டோவுல ஏத்தி விட்டுட்டேன். சொர்ணத்தை மட்டும் வர வேணாம்னுட்டேன். உன் வாயி சரியில்ல, நீ வீட்லயே இருன்னு. கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நான் வாயே திறக்கலைங்க, ஒரு வார்த்தை பேசல, சுவத்தோரமா ஒரு மூலையில உக்காந்துக்கிறேன், என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு அழுகுறா. அவ அம்மா செத்தப்பகூட அவ இப்படி அழுது நான் பாத்ததில்ல. சின்னவ கல்யாணப் பேச்சைக் கண்ணால பாக்க ஆசை. எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா காரியம் முக்கியமா இல்லையா? வந்துட்டேன்.

நாகமலை தாண்டியாச்சா? இன்னும் கொஞ்ச நேரந்தான். சுபா பாவம், பயந்துக்கிட்டு இருப்பா. ஹேமாவும் கல்யாணத்துக்கு முன்னாடி இப்படித்தான் பயந்தா.

என்ன கேட்டீங்க? சத்தமாக் கேளுங்க, இந்த ஹாரன் காதைக் கிழிக்குது. ஹேமா ஃபோன்லயா? கம்ப்யூட்டர் கேமரா ரிப்பேருன்னா ஃபோன்ல முகத்தைக் காட்டலாமேன்னு கேக்குறீங்களா? காட்டலாம்தான். ஆனா ஃபோன் கேமராவும் போயிருச்சாம். புது ஃபோன் வாங்கினாளே, அதுலயும் சரியா வரலைன்னா. மாப்பிள்ளை ஃபோன்ல கேட்டேன், அதுலயும் ஏதோ. ஒரே வீட்ல எல்லாத்துலயும் அதே கோளாறு. ராசின்னு சொன்னேன்ல.

நாங்க மில்லுல புதுசா வர்ற பசங்களுக்கு ஒண்ணு சொல்லுவோம். ஒரு மோட்டார் எரிஞ்சா மோட்டாரைப் பிரி. அதை மாத்தி வேற போட்டு, அதுவும் எரிஞ்சா, மூணாவதும் அதே மாதிரி எரிஞ்சா, அப்புறம் மோட்டார் மேல கை வைக்காத. மோட்டார்ல ஒண்ணும் இல்ல. அது நிக்கிற இடத்துல...

அது நிக்கிற இடத்துலதான்...

இருங்க தம்பி.

இல்ல, ஒண்ணுமில்ல. வேர்க்குது. இருங்க, நான் கொஞ்சம்... கேமராவுல என்ன இருக்கு. மூணு கேமரா. துப்பட்டா குளிருக்கு. வீட்டுக்குள்ள என்ன குளிரு? அங்க வீடு பூரா ஹீட்டர் போட்டு வச்சிருப்பாங்கன்னு அவதானே சொன்னா. போன புதுசுல அவதான் சொன்னா, வீட்டுக்குள்ள வேர்க்குதுப்பா, பனியனோட இருக்கலாம்னு. நான் அவரையே கூப்பிட்டுக் கேட்டேனே தம்பி. அழுதாளாமேன்னு அவர்கிட்டயே சொல்லிக் கொடுத்தேனே. அய்யோ.

இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பிடிங்க. பிடிங்க, விழுந்தாலும் பரவாயில்ல. என் ஃபோன் எங்க? இந்தா, மேல்சட்டையிலதான். கண்ணாடி இல்லாம எழுத்துத் தெரியல, ஹேமான்னு இருக்கும் பாருங்க, வாட்ஸ்அப்புல, பச்சைப் புடவைப் படம். அதான். அதை அமுக்குங்க. இல்ல, வீடியோ வேணாம். சும்மா பேசுறதை அமுக்குங்க. அங்க இப்ப விடியக்காலம், தூங்குவா, எடுக்க மாட்டா...

ஹலோ? ஹேமா? அம்மாடி, அப்பாதான் பேசுறேன். என்னடா, ஒரே ரிங்குலயே எடுத்துட்ட, தூங்கலையா? ஒண்ணுமில்ல, பஸ்ல இருக்கேன். செக்கானூரணி போறேன்... ஆமா, சுபாவுக்குத்தான்... இல்ல, இரு. இரு. மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா? விடியமுன்னமே வேலைக்குப் போயிட்டாரா? சரி. இல்ல, அவர்கிட்ட பேசணும்னு இல்ல. அவர்கிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன். உன் மேல சத்தியமா சொல்ல மாட்டேன். கேமராவைப் போட வேணாம்மா, போட வேணாம். நான் அதைக் கேக்கல. நல்லா இருக்கேன்னு சொல்லாத. நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லாதம்மா. அம்மாகிட்ட மாடியில வச்சு என்ன சொன்னியோ, அதை எனக்குச் சொல்லு.

என்னப்பா கண்டக்டர்? செக்கானூரணியா? தெரியுது. இல்லப்பா, நான் இறங்கல. டிக்கெட்டை உசிலம்பட்டிக்கு மாத்திக் கொடு. எனக்கு வீட்டுக்குப் போகணும், என் வீட்டுக்காரி தனியா இருக்கா. விசிலை அடி, நீ போ.

தம்பி, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்துச் சாத்துங்க. காத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. அழுகுறா.

சொல்லும்மா. இல்லடா, அழுகாதன்னு சொல்லல. அழு, அழுதுக்கிட்டே சொல்லு. அப்பா ஒரு வார்த்தை குறுக்க பேச மாட்டேன்.